இங்கிலாந்தில் பழைய போர்த் துப்பாக்கி வாங்கலாமா?

தம்பி, வேலை விசாவில் வந்து சில மாதங்கள்தான் ஆகின்றன, நான்கு பேரோடு ஒரே வீட்டில் அறை எடுத்துத் தங்கியிருக்கிறேன், இரண்டாம் உலகப் போர்க்காலத்து லீ-என்ஃபீல்டு துப்பாக்கி ஒன்றைச் செயலிழக்கச் செய்த நிலையில் வாங்கி வைக்க ஆசை, போலீஸ் பிரச்சினை வருமா, விசாவைப் பாதிக்குமா என்று கேட்டிருந்தீர்கள். நானும் இந்தப் பொருட்களைப் பல ஆண்டுகளாகச் சேர்ப்பவன். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

வாங்கலாம். முறைப்படி செயலிழக்கச் செய்த துப்பாக்கிக்கு இங்கே லைசென்ஸ் தேவையில்லை. ஆனால் ‘முறைப்படி’ என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. 1989 முதல் இதற்கென்று அரசு வகுத்த தொழில்நுட்ப அளவுகோல் உண்டு. வேலை முடிந்ததும் துப்பாக்கியைப் புரூஃப் ஹவுஸில் சோதித்து, முத்திரை குத்தி, சான்றிதழ் தருவார்கள். அப்படி இரண்டு இடங்கள் இருக்கின்றன. லண்டனில் இருப்பது 1637-இல் அரச சாசனம் பெற்ற துப்பாக்கித் தொழிலாளர் சங்கத்துடையது. பர்மிங்காமில் இருப்பது 1813-இல் நாடாளுமன்றச் சட்டத்தால் ஏற்பட்டது. சான்றிதழ் கையில் இல்லாத எதையும் தொடாதீர்கள். “சும்மா துருப்பிடித்த இரும்புதான், சுடவே சுடாது” என்று விற்பவர் சொல்வார். சுடாமல் இருப்பது வேறு, சட்டப்படி செயலிழந்தது என்பது வேறு.

இதில் நம்மைப் போல வெளியிலிருந்து வந்தவர்களுக்கு ஆபத்து இரட்டிப்பு. 1996-இல் ஸ்காட்லாந்தின் டன்பிளேன் பள்ளியில் நடந்த துப்பாக்கிச் சூட்டுக் கொடுமைக்குப் பிறகு கைத்துப்பாக்கிகளுக்கு இங்கே கிட்டத்தட்ட முழுத் தடை. அப்படித் தடை செய்யப்பட்ட ஆயுதம் வீட்டில் கிடைத்தால், தனிப்பட்ட விதிவிலக்கான சூழல் இல்லாவிட்டால், வயது வந்தவருக்குக் குறைந்தபட்சம் ஐந்து ஆண்டு சிறை. குடியுரிமை இல்லாதவர் 12 மாதமோ அதற்கு மேலோ தண்டனை பெற்றால் நாடு கடத்தும் நடவடிக்கையும் சேர்ந்துகொள்ளும். பழைய வீட்டுப் பரணில் கிடந்தது என்று யாராவது ஒரு ரிவால்வரை நீட்டினால், வாங்கிப் பார்க்கக்கூட வேண்டாம்.

அடுத்து, புதிதாக வருபவர்கள் அதிகம் ஏமாறுவது எங்கே என்றால், ‘பழைய ஸ்பெக்’ (பழைய அளவுகோல்படி செயலிழக்கச் செய்தது) என்று சொல்லி விற்கும் இடத்தில். 1995-க்கு முன் செயலிழக்கச் செய்தவற்றில் உள்பாகங்கள் நிறைய அசையும். பிரென், ஸ்டென் போன்ற தானியங்கித் துப்பாக்கிகளைக் கழற்றி மாட்டலாம், விசையை இழுத்தால் ‘க்ளிக்’ என்ற சத்தமும் வரும். அதனால் சேகரிப்பவர்களுக்கு அவற்றின் மேல் தனி ஆசை. 1995-இல் தானியங்கித் துப்பாக்கிகளுக்கு விதி இறுகியது. 2016-இல் ஐரோப்பிய விதி வந்ததும் தோட்டாவை உள்ளே தள்ளும் போல்ட்டே அசையாதபடி பற்றவைக்கத் தொடங்கினார்கள். பழையதை ஏற்கனவே வைத்திருப்பவர் வைத்துக்கொள்ளலாம். ஆனால் 2017-க்குப் பிறகு அதை அப்படியே உங்களுக்கு விற்பதோ அன்பளிப்பாகத் தருவதோ குற்றம். புதிய விதிப்படி மறுபடி வேலை செய்து புதுச் சான்றிதழ் வாங்கிய பிறகுதான் கைமாறலாம். கைமாறியதை உள்துறை அமைச்சகத்துக்கும் தெரிவிக்க வேண்டும். அதற்கான படிவத்தைப் பற்றி விற்பவர் தாமாகவே பேச்செடுத்தால், ஆள் நம்பகமானவர் என்று வைத்துக்கொள்ளலாம்.

சரி, பொருளுக்கு வருவோம். இரண்டாம் போர்க்கால மாடலான நம்பர் 4 லீ-என்ஃபீல்டைக் கையில் எடுத்ததும், பின்கட்டைக்கு முன்னால் இடப்பக்கம் உள்ள இரும்பைப் பாருங்கள். வரிசை எண் அங்கே இருக்கும். அதே எண் போல்ட் கைப்பிடியின் பின்புறத்திலும் இருந்தால் இரண்டும் ஒன்றாகவே வந்தவை. சான்றிதழில் உள்ள எண்ணையும் எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். இடப்பக்கம் ‘யூஎஸ் பிராப்பர்ட்டி’ என்று பொறித்திருந்தால் அமெரிக்காவில் சேவேஜ் நிறுவனம் செய்தது. ‘லாங் பிராஞ்ச்’ என்றிருந்தால் கனடா. எனக்கு எல்லாவற்றையும்விடப் பிரியமானது அதற்கு முந்தைய நம்பர் 1 மார்க் 3. பிரிட்டன் நம்பர் 4-க்கு மாறிய பிறகும் வங்காளத்து இஷாப்பூர் தொழிற்சாலையில் இதையே தொடர்ந்து செய்தார்கள். கிரீடத்துக்குக் கீழே ஜி.ஆர்.ஐ. (‘ஜார்ஜ், மன்னர், பேரரசர்’ என்பதன் லத்தீன் சுருக்கம்), அதன் கீழே இஷாப்பூர், அப்புறம் ஆண்டு. ஆளி விதை எண்ணெய் ஏறிக் கறுத்த கட்டையில், கன்னம் பட்டுப் பட்டு வழவழப்பான இடம் விரலுக்குத் தட்டுப்படும். புதிதாக மெருகேற்றியதை வாங்காதீர்கள், அந்த இடம் போய்விட்டிருக்கும்.

வீட்டில் வைப்பது பற்றி. ஒப்பந்தத்தைப் படித்துவிட்டு வீட்டு உரிமையாளரிடமும் கூட இருப்பவர்களிடமும் முன்கூட்டியே சொல்லுங்கள். ஜன்னலிலிருந்து தெரியும்படி மாட்ட வேண்டாம். தெருவில் போகிறவர் பார்த்துப் போலீஸைக் கூப்பிட்டால், ஆயுதம் தாங்கிய காவலர்கள்தான் வருவார்கள். செயலிழந்ததானாலும் தகுந்த காரணமில்லாமல் பொது இடத்தில் கொண்டு போவது குற்றம். வாங்கி வரும்போது பூட்டிய பையில், காரின் டிக்கியில், சான்றிதழ் நகலோடு. பஸ்ஸிலோ ரயிலிலோ வேண்டாம். துப்பாக்கி முனையில் மாட்டும் பயோனெட்டுக்கும் இதே கவனம் தேவை. ஊருக்குப் போகும்போது பெட்டியில் வைக்கும் எண்ணமே கூடாது.

கையெறி குண்டு, பீரங்கிக் குண்டு இரண்டிலும் நான் ரொம்பக் கண்டிப்பு. மில்ஸ் குண்டு என்ற பிரிட்டிஷ் கையெறி குண்டு வாங்கினால், அடிமூடியைக் கழற்றி உள்ளே காலியாக இருப்பதை நம்பகமான வியாபாரியே காட்ட வேண்டும். பிரான்ஸ், பெல்ஜியம் போர்க்களங்களுக்குச் சுற்றுலா போனால் வயலோரம் கிடப்பதைத் தொடவே தொடாதீர்கள். முதல் உலகப் போரின் குண்டுகள் இன்றும் உழவில் மேலே வருகின்றன, சிலவற்றில் விஷ வாயு இருக்கிறது. இங்கேயே எதையாவது கண்டால் அப்படியே விட்டுவிட்டு 999-ஐ அழையுங்கள்.

உங்கள் இப்போதைய நிலைமைக்கு நான் துப்பாக்கியில் தொடங்கச் சொல்லமாட்டேன். ஹெல்மெட், 1937 மாதிரிப் பருத்தித் துணி வார்கள், தண்ணீர்க் குடுவை, பதக்கங்கள் என்று தொடங்குங்கள். இரண்டாம் போரின் பர்மா ஸ்டார் பதக்கம் பிரிட்டிஷ் வீரர்களுக்குப் பெயர் பொறிக்காமல்தான் வழங்கப்பட்டது. இந்தியப் படையினருக்குப் பெயரும் எண்ணும் பொறித்தே தந்தார்கள். மெட்ராஸ் படைப்பிரிவு வீரர் ஒருவரின் பெயரோடு அப்படி ஒன்று கிடைத்தால், அதற்கு ஈடாக எந்தத் துப்பாக்கியையும் நான் சொல்லமாட்டேன். ஜெர்மன் நாஜிகளின் எஸ்.எஸ். படைச் சின்னங்கள் பக்கம் போகாதீர்கள். போலி அவ்வளவு மலிந்திருக்கிறது. அவற்றைச் சுவரில் மாட்டவும் எனக்கு மனம் வரவில்லை.

அதற்குள் லீட்ஸில் உள்ள ராயல் ஆர்மரீஸ் ஆயுத அருங்காட்சியகத்துக்கு ஒரு நாள் போய் வாருங்கள், அனுமதி இலவசம். அசலைப் பார்த்துப் பழகிய கண்ணோடு சந்தைக்குப் போகலாம். ஏதாவது பிடித்திருந்தால் முன்பணம் கொடுக்கும் முன் சான்றிதழையும் முத்திரையையும் படமெடுத்து எனக்கு அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.