பேட்ரிக் கிளபர்ன்: வழக்கறிஞராக இருந்து தளபதியானவர் (கேள்வி பதில்)

கேள்வி: அமெரிக்க உள்நாட்டுப் போரில் தென்தரப்புத் தளபதியாக இருந்த கிளபர்ன் அயர்லாந்துக்காரராமே?

பதில்: ஆம், 1828இல் கார்க் மாவட்டத்தில் பிறந்தவர். மருந்தாளர் தேர்வில் தோற்றதும் பிரிட்டிஷ் ராணுவத்தில் சிப்பாயாகச் சேர்ந்தார். 1849இல் பணம் கட்டி விலகி, அமெரிக்கா போனார். ஆர்கன்சா மாநிலத்தின் ஹெலனாவில் மருந்துக்கடை நடத்தினார்; பிறகு சட்டம் படித்து வழக்கறிஞரானார்.

கேள்வி: அவரிடம் அடிமைகள் இருந்தார்களா?

பதில்: இல்லை. தன்னை ஏற்றுக்கொண்ட தென்னாட்டு மக்களை விட்டு விலக மாட்டேன் என்று 1861இல் சகோதரருக்கு எழுதினார். கறுப்பின மக்களைப் பற்றித் தனக்கு அக்கறை இல்லை என்பதும் அதே கடிதத்தில்தான் இருக்கிறது. அவரைக் கொண்டாடுகிறவர்கள் இந்த வரியை மறைக்கக் கூடாது.

கேள்வி: பிறகு எப்படி அடிமைகளுக்கு விடுதலை கேட்டார்?

பதில்: அவர் வாழ்வில் என்னை மிகவும் ஈர்ப்பது இந்த இடம்தான். 1864 ஜனவரி 2 அன்று, ஜார்ஜியாவின் டால்டனில், படைத்தலைவர் ஜான்ஸ்டனின் முகாமில் கூடியிருந்த தளபதிகள் முன் ஒரு நீண்ட மனுவை வாசித்தார். தேர்ந்த வழக்கறிஞரின் வாதம் அது. நம்மிடம் ஆள் பலம் குறைகிறது. தப்பியோடும் அடிமைகள் வடக்கின் படைவீரர்களாகத் திரும்பி வருகிறார்கள். அடிமைமுறை இருக்கும்வரை ஐரோப்பா நமக்குக் கை கொடுக்காது. தோற்றால் அடிமைகளும் போவார்கள், நாடும் போகும். ஆகவே அவர்களைப் படையில் சேர்த்து விடுதலை கொடுங்கள் என்றார். அடிமைமுறைக்காகவே உருவான ஓர் அரசிடம் இதைச் சொல்ல அசாத்தியத் துணிச்சல் வேண்டும். ஆனால் அவர் கேட்டது தெற்கின் வெற்றிக்காக. அவரை விடுதலை வீரர் என்று அழைப்பதை நான் ஏற்கமாட்டேன்.

கேள்வி: மனு என்ன ஆயிற்று?

பதில்: வாக்கர் என்ற தளபதி கொதித்துப்போய் ஒரு பிரதியைத் தென்தரப்பு அரசின் அதிபர் டேவிஸுக்கு அனுப்பினார். இதைப் பற்றி யாரும் பேசக் கூடாது என்று டேவிஸ் உத்தரவிட்டார். 1862 டிசம்பரில் மேஜர் ஜெனரலான கிளபர்னுக்கு அதற்குமேல் பதவி உயர்வே கிடைக்கவில்லை. இந்த மனுதான் காரணம் என்பது என் கருத்து.

கேள்வி: எப்படி இறந்தார்?

பதில்: 1864 நவம்பர் 30, டென்னசியின் ஃபிராங்க்ளின் போரில். குதிரை சுடப்பட்டதும் நடந்தே முன்னேறியபோது குண்டடிபட்டார். அந்த ஒரே போர் ஆறு தென்தரப்புத் தளபதிகளின் உயிரைப் பறித்தது.

கேள்வி: அவர் யோசனையைப் பின்னர் ஏற்றார்களா?

பதில்: பாதிதான். கறுப்பின வீரர்களைச் சேர்க்கும் சட்டம் 1865 மார்ச்சில் நிறைவேறியது; விடுதலை அந்தச் சட்டத்தில் இல்லை. ஒரு மாதத்துக்குள், ஏப்ரல் 9 அன்று, தென்தரப்பின் தலைமைத் தளபதி லீ சரணடைந்துவிட்டார்.