ஜப்பான் பிட்சரை எடை போடும் வேலை: கவலையோடு எழுதிய ஓர் அம்மாவுக்கு

வணக்கம் அம்மா,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். "ஸ்டாடிஸ்டிக்ஸ் மூன்றாம் வருஷம், நல்ல மார்க். என்ன செய்யப் போகிறாய் என்று கேட்டால், ஜப்பானில் பேஸ்பால் ஆடுகிறவர்களில் யாரை அமெரிக்க அணி வாங்கலாம் என்று சொல்லும் வேலைக்குப் போகிறேன் என்கிறாள். இப்படி ஒரு வேலை இருக்கிறதா?" என்று கேட்டிருந்தீர்கள். மகள் எழுதிய பதினான்கு பக்க அறிக்கையையும் அவளுக்குத் தெரியாமல் அனுப்பியிருக்கிறீர்கள். தயவுசெய்து இன்றைக்கே அவளிடம் சொல்லிவிடுங்கள். அந்த அறிக்கையைப் பற்றி அவளோடு நான் பேசியாக வேண்டும்.

இருக்கிறது அம்மா. அமெரிக்க பேஸ்பாலின் உச்ச மட்டமான மேஜர் லீகில் 30 அணிகள். வெளிநாட்டு வீரர்களைத் தேடும் பிரிவும் புள்ளிவிவர ஆய்வுப் பிரிவும் அங்கே வழக்கமானவை. ஏன் இவ்வளவு அக்கறை என்பதற்கு ஒரே ஒரு கணக்கு சொல்கிறேன். 2023 டிசம்பரில் லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் அணி யோஷினோபு யமமோட்டோ என்ற ஜப்பான் பிட்சரை, அதாவது பந்து போடுகிறவரை, 12 ஆண்டுகளுக்கு 32.5 கோடி டாலருக்கு ஒப்பந்தம் செய்தது. அன்றுவரை அவர் மேஜர் லீகில் ஒரு பந்துகூடப் போட்டதில்லை. அதற்கு மேல், அவரை விட்டுக்கொடுத்த ஜப்பானின் ஓரிக்ஸ் அணிக்கும் பணம் கட்ட வேண்டும். ஒப்பந்தத்தின் முதல் 2.5 கோடிக்கு 20 சதவீதம், அடுத்த 2.5 கோடிக்கு 17.5, மீதிக்கு 15. கூட்டினால் 5 கோடியே 6 லட்சத்து 25 ஆயிரம் டாலர். இவ்வளவு பணம் போடுமுன் யாராவது ஒருவர் உட்கார்ந்து, இந்த மனிதர் இங்கே எப்படி ஆடுவார் என்று எழுதிக் கொடுத்துத்தானே ஆக வேண்டும்? உங்கள் மகள் கேட்பது அந்த நாற்காலியைத்தான்.

அந்த வேலையில் இருக்கும் கேள்வி உங்களுக்குப் புதிதல்ல. மதுரையில் எட்டு வருஷம் ஐசியூவில் நர்ஸாக இருந்துவிட்டு நியூ ஜெர்சி வந்ததாக எழுதியிருந்தீர்கள். அந்த எட்டு வருஷத்தை அப்படியே எடுத்துக்கொண்டு இங்கே யாரும் வேலை தரவில்லை. மறுபடி தேர்வு எழுதச் சொன்னார்கள். உங்கள் திறமையை யாரும் சந்தேகப்பட்டிருக்க மாட்டார்கள். அங்கே செய்த வேலையில் எது இங்கேயும் அப்படியே செல்லும், எது மாறும் என்பதுதான் அவர்களுக்குத் தெரிய வேண்டியிருந்தது. ஜப்பான் பிட்சரைப் பார்க்கும்போதும் இதே கேள்விதான்.

இதைத் தப்பாகக் கணித்தால் என்ன ஆகும் என்பதற்குக் கேய் இகாவாவைப் பாருங்கள். ஜப்பானின் ஹன்ஷின் டைகர்ஸ் அணியின் இடக்கை பிட்சர். 2003இல் அவர் பெயரில் 20 வெற்றி, 5 தோல்வி, லீகின் சிறந்த வீரர் விருது. பேட்டரை அடிக்க விடாமல் ஸ்ட்ரைக்அவுட் எடுப்பதிலும் அங்கே முன்னணியில் இருந்தவர். அந்த நாளில் வீரரோடு பேசும் உரிமைக்கே ஏலம். 2006 முடிவில் பாஸ்டன் ரெட் சாக்ஸ் 5.1 கோடி டாலர் ஏலம் கேட்டு இன்னொரு ஜப்பான் பிட்சர் டைசுகே மட்சுசகாவைத் தட்டிக்கொண்டு போனது. அதே மாதம் நியூயார்க் யாங்கீஸ் இகாவாவுக்கு 2.6 கோடி டாலர் ஏலம் கேட்டது. அப்புறம் அவருக்கு 5 ஆண்டுகளுக்கு 2 கோடி சம்பளம். மேஜர் லீகில் அவர் ஆடியது மொத்தம் 16 ஆட்டம். ஒன்பது இன்னிங்ஸுக்கு, அதாவது ஒரு முழு ஆட்டத்துக்கு, எத்தனை ரன் விட்டார் என்ற சராசரியை ஈஆர்ஏ என்பார்கள். நம் கிரிக்கெட்டின் பவுலிங் சராசரி மாதிரி, குறைந்தால் நல்லது. இகாவாவுக்கு அது 6.66. ஒப்பந்தத்தின் பெரும்பகுதியைக் கீழ்மட்ட மைனர் லீகில் கழித்துவிட்டு ஊர் திரும்பினார். ஜப்பானில் அவர் எடுத்த ஸ்ட்ரைக்அவுட்கள் பொய்யில்லை. அவை எந்தப் பந்தில், எந்த மாதிரி பேட்டரிடம் வந்தவை என்பதைத்தான் அலசியிருக்க வேண்டும்.

என்னவெல்லாம் மாறுகிறது என்று கேட்பீர்கள். முதலில் பந்து. கிரிக்கெட்டில் நம் ஊர் எஸ்ஜி பந்தில் பழகியவர் இங்கிலாந்து போய் டியூக் பந்தைப் பிடிக்கும்போது என்ன பாடுபடுவார் என்று நம் வீடுகளில் எல்லாருக்கும் தெரியும். ஜப்பானில் மிசுனோ பந்து, விரலில் ஒட்டும். அமெரிக்காவில் ராலிங்ஸ் பந்து, வழுக்கும். இரண்டாவது, ஓய்வு. ஜப்பானில் ஸ்டார்ட்டர், அதாவது ஆட்டத்தைத் தொடங்கும் பிட்சர், வாரத்துக்கு ஒரு நாள் போடுவார், அங்கே பருவத்துக்கு 143 ஆட்டம். இங்கே 162 ஆட்டம், ஐந்து நாளைக்கு ஒரு தடவை அவர் முறை வந்துவிடும். நடுவில் கிழக்குக் கரையிலிருந்து மேற்குக் கரைக்கு விமானம். மூன்றாவது, எதிரே நிற்கிறவர். அடிமட்டத்தில் நிற்கும் பேட்டர்கூட இங்கே தப்பாகப் போன ஒரு பந்தை வேலிக்கு வெளியே அனுப்பிவிடுவார்.

மகளின் அறிக்கை ஷோட்டா இமனாகா என்ற ஜப்பான் பிட்சரைப் பற்றியது. 178 சென்டிமீட்டர் உயரம், பந்தின் சராசரி வேகம் மணிக்கு 92 மைல். இன்றைய மேஜர் லீகில் அது சாதாரணத்துக்கும் குறைவு. வேகத்தை மட்டும் பார்க்கிறவர் இவரைத் தள்ளிவிடுவார். அறிக்கையின் ஆறாம் பக்கத்தில் உங்கள் மகள் ஒரு படம் வரைந்திருக்கிறாள். பந்து கையை விட்டுப் புறப்படும் உயரம், பேட்டரைக் கடக்கும் உயரம், நடுவில் இரண்டு கோடுகள். அதன் கீழே, "பின்சுழல் அதிகம் என்பதால் பேட்டர் எதிர்பார்ப்பதைவிடப் பந்து குறைவாகவே இறங்குகிறது, கீழிருந்து மேலாகச் சுழற்றுகிற இன்றைய பேட்டரின் மட்டை அதற்கு அடியில் போகிறது" என்று எழுதியிருக்கிறாள். எனக்கு அந்தப் பக்கம் ரொம்பப் பிடித்திருந்தது. அதே பந்து உயரத்தில் சரியாக மாட்டினால் ஹோம் ரன் என்பதையும் மறக்காமல் குறித்திருக்கிறாள். சிகாகோ கப்ஸ் அவரை 4 ஆண்டுகளுக்கு 5.3 கோடிக்கு எடுத்தது. 2024இல் 15 வெற்றி, 3 தோல்வி, ஈஆர்ஏ 2.91.

ஆனால் ஒரு குறை சொல்லியாக வேண்டும். இந்த அறிக்கை, விடை தெரிந்த பிறகு எழுதியது. 2024 முடிந்த பின் உட்கார்ந்து, இமனாகா ஜெயிப்பார் என்று நிரூபிப்பது சுலபம். அணிகள் சம்பளம் கொடுப்பது முன்கூட்டிச் சொல்லத்தான். யமமோட்டோவையே எடுத்துக்கொள்ளுங்கள். 2024 மார்ச்சில் தென் கொரியாவின் சோலில் ஆடிய தன் முதல் ஆட்டத்தில் ஒரே இன்னிங்ஸில் 5 ரன் கொடுத்தார். அன்றைக்கு 32.5 கோடி வீண் என்று பேசினார்கள். மேஜர் லீகின் இறுதிப் போட்டியான உலகத் தொடரில், 2025இல், மூன்று ஆட்டங்களை ஜெயித்துத் தொடரின் சிறந்த வீரர் ஆனதும் அவரேதான். முதல் நாளும் கலங்காமல், கடைசி நாளும் துள்ளாமல், தான் எழுதியதையும் நடந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிற பொறுமை அவளுக்கு இருக்கிறதா என்று எனக்கு இன்னும் தெரியாது. அவளுக்கும் தெரியாது.

இன்னொன்று விட்டுப்போயிருக்கிறது: கை. ஜப்பானில் பள்ளிப் பருவத்திலேயே, கோஷியென் என்ற தேசியப் பள்ளிப் போட்டியில், பிள்ளைகள் கை தேயத் தேயப் பந்து போடுவார்கள். 1998இல் மட்சுசகா, சமனாகி நீண்டுபோன ஒரே ஆட்டத்தில் 17 இன்னிங்ஸ், 250 பந்து போட்டார். வாரத்துக்கு 500 பந்து என்ற வரம்பு 2020இல்தான் வந்தது. ஆகவே ஒரு பிட்சருக்கு வயது 25 என்றால், அவர் முழங்கைக்கு எத்தனை வயது என்று தனியாகக் கேட்க வேண்டும். மசாஹிரோ தனகா ஜப்பானில் 2013இல் 24 ஆட்டம் ஜெயித்து ஒன்றுகூடத் தோற்காமல் வந்தவர். யாங்கீஸில் முதல் பருவத்திலேயே முழங்கைத் தசைநார் ஓரளவு கிழிந்தது. நல்லவேளை, அறுவை இல்லாமல் ஏழு பருவமும் ஆடி முடித்தார். கென்ட்டா மயேடாவுக்கு 2016 ஜனவரியில் மருத்துவப் பரிசோதனையிலேயே குறை தெரிந்தது. டாட்ஜர்ஸ் ஓடிப்போகவில்லை. 8 ஆண்டு ஒப்பந்தம், உறுதியான தொகை வெறும் 2.5 கோடி, மீதியெல்லாம் ஆடினால்தான் என்று எழுதியது. அந்தப் பருவம் அவர் 16 ஆட்டம் ஜெயித்தார். சந்தேகத்தை மறைக்காமல் அதற்கு ஒரு விலை போட்டார்கள். நல்ல ஆய்வாளர் செய்கிற வேலை இதுதான் என்பது என் எண்ணம். உங்கள் மகள் அறிக்கையில் இதற்கு ஒரு பக்கமாவது வேண்டும்.

அப்போது டாட்ஜர்ஸின் பொது மேலாளராக இருந்தவர் ஃபர்ஹான் ஜைதி. பாகிஸ்தானியப் பெற்றோருக்குப் பிறந்தவர், பெர்க்லியில் பொருளாதாரத்தில் முனைவர் பட்டம். 2005இல் ஓக்லாந்து அணியில் புள்ளிவிவர வேலைக்குச் சேர்ந்து மேலே வந்தவர். "நம்ம மாதிரி ஆட்களுக்கு அங்கே யார் இடம் கொடுப்பார்கள்" என்று கேட்டிருந்தீர்களே, அதற்காகச் சொல்கிறேன்.

சரி, கஷ்டத்தையும் சொல்லிவிடுகிறேன். ஆரம்பச் சம்பளம், அதே படிப்புக்கு டெக் கம்பெனியோ மருந்துக் கம்பெனியோ கொடுப்பதைவிட நிச்சயம் குறைவு. பெரும்பாலும் ஒரு பருவத்துக்கான பயிற்சி வேலையாகத்தான் தொடங்கும். ஊர் மாற வேண்டியிருக்கும். ஒவ்வோர் இடத்துக்கும் போட்டி கடுமை. அவள் இங்கேயே பிறந்தவள் என்பதால் விசா கவலை இல்லை, அது பெரிய நிம்மதி.

அதனால் படிப்பை மாற்றவே வேண்டாம். ஸ்டாடிஸ்டிக்ஸ் டிகிரியை நன்றாக முடிக்கட்டும். தரவைக் கையாளும் கணினி மொழிகளான பைதானும் எஸ்க்யூஎல்லும் கை வேலையாக வர வேண்டும். பேஸ்பால் சவாண்ட் தளத்தில் ஒவ்வொரு பந்தின் விவரமும் இலவசமாகக் கிடைக்கிறது, தினமும் அதில் உழலட்டும். பேஸ்பால் ஆய்வாளர்களின் எஸ்ஏபிஆர் அமைப்பு நடத்தும் ஆய்வு மாநாட்டில் மாணவர்களுக்குப் போட்டி உண்டு. அணி ஆட்களைக் கண்ணால் பார்க்க அது நல்ல இடம். இதே திறமையை நாளைக்கு மருந்துக் கம்பெனியின் பரிசோதனைத் தரவுக்கும் கொண்டுபோகலாம், உங்கள் ஊரைச் சுற்றி அந்த வேலைக்குப் பஞ்சமில்லை. பட்டம் வாங்கி மூன்று பருவம் முயலட்டும். அதற்குள் நிரந்தர இடம் கிடைக்காவிட்டால் அந்தப் பக்கம் திரும்பலாம். இந்தக் கெடுவை நீங்கள் வைக்காமல் அவளையே சொல்ல விடுங்கள்.

அப்புறம் ஜப்பானிய மொழி. இதைத்தான் நான் அழுத்திச் சொல்வேன். புள்ளிவிவரம் தெரிந்தவர்கள் ஆயிரம் பேர் வரிசையில் நிற்பார்கள். ஒரு பிட்சரின் பழைய பள்ளிப் பயிற்சியாளரிடம் போய் மரியாதையாகப் பேசி, இந்தப் பையன் தோற்ற அன்று என்ன செய்வான் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளக்கூடியவர்கள் மிகக் குறைவு. வீட்டில் தமிழ் பேசி வளர்ந்தவளுக்கு வாக்கிய அமைப்பு பழகியதுதான், வினைச்சொல் அங்கேயும் கடைசியில்தான் வரும். ஜப்பானிய மொழித் திறனை அளக்கும் ஜேஎல்பிடி தேர்வு அமெரிக்காவில் டிசம்பரில் நடக்கும். பட்டம் முடிக்கும்போது அதில் நடு நிலையான என்3 கையில் இருக்கட்டும், அதற்கு மேல் நிலையான என்2 பிறகு பார்க்கலாம்.

மகளிடம் ஒரு வேலை கொடுக்கிறேன். இன்னும் ஜப்பானிலேயே ஆடிக்கொண்டிருக்கிற, இங்கே வருவார் என்று அவள் நினைக்கிற ஒரு பிட்சரை அவளே தேர்ந்தெடுக்கட்டும். ஐந்து பக்கம் போதும். எந்தப் பந்து செல்லும், எது செல்லாது, கை எப்படி, எத்தனை ஆண்டுக்கு எவ்வளவு கொடுக்கலாம், எந்த இடத்தில் தன் கணிப்பு தப்பலாம். தேதி போட்டு அக்டோபர் 31க்குள் எனக்கு அனுப்பட்டும். நவம்பரில் ஜப்பான் வீரர்களை எடுக்கும் சந்தை திறந்துவிடும். முதல் சனிக்கிழமை மூன்று பேரும் வீடியோவில் பேசலாம். நீங்களும் கட்டாயம் இருங்கள். ஐசியூவில் புதிதாக வந்த நர்ஸை முதல் வாரத்தில் எதை வைத்து எடை போடுவீர்கள் என்று அவளுக்கு நீங்கள்தான் சொல்ல வேண்டும்.