தமிழ்நாட்டுக்கென்று தனியாகத் தமிழ்ச் சைகை மொழி இருக்கிறதா? மாநிலத்துக்கு மாநிலம் சைகை மொழி மாறுமா?

தமிழைக் கையால் பேசும் ஒரு மொழி இங்கே இயல்பாக வளரவில்லை. தமிழ்நாட்டில் காது கேளாதவர்கள் தங்களுக்குள் பேசுவது இந்திய சைகை மொழியின் இந்தப் பக்கத்து வழக்கு. அதன் இலக்கணம் தமிழிலிருந்து வந்ததும் இல்லை, இந்தியிலிருந்து வந்ததும் இல்லை.

என் அக்காவுக்குப் பிறந்ததிலிருந்தே காது கேட்காது. சென்னையில் விடுதியில் தங்கிப் படித்தாள். அத்தானுக்கும் காது கேட்காது. பெங்களூர்க்காரர், கன்னடக் குடும்பம். பெண் பார்க்க வந்த அன்று இரண்டு வீட்டுப் பெரியவர்களும் பாதி ஆங்கிலத்தில் தடுமாறிக்கொண்டிருந்தார்கள். இவர்கள் இருவரும் சளைக்காமல் பேசிக்கொண்டிருந்தார்கள். கிழமை, நிறம், சில உறவுமுறை, இவற்றுக்கு மட்டும் அவர் சைகை வேறாக இருந்தது என்று அக்கா பிறகு சொன்னாள். கேட்டுத் தெரிந்துகொண்டார்களாம், அவ்வளவுதான்.

1970களின் பிற்பகுதியில் மதன் வசிஷ்டா, ஜேம்ஸ் உட்வர்ட் ஆகிய ஆய்வாளர்கள் தில்லி, கல்கத்தா, பம்பாய், பெங்களூர் ஆகிய ஊர்களின் சைகைகளை ஒப்பிட்டுப் பார்த்தபோதும் இதையே கண்டார்கள்: சொற்களில் வேறுபாடு உண்டு, ஆனால் எல்லாம் ஒன்றுக்கொன்று நெருங்கிய வழக்குகள். பேச்சில் பார்த்தால் வங்காளத்துக்கும் கன்னடத்துக்கும் குடும்ப உறவே கிடையாது. பின்னாளில் உல்ரிகே செஷான் என்ற மொழியியலாளர் கராச்சியிலும் தில்லியிலும் ஆராய்ந்து, எல்லைக்கு இரண்டு பக்கமும் இலக்கணம் ஏறக்குறைய ஒன்றே என்று எழுதினார்.

இதற்கு முக்கியக் காரணம், சைகை மொழி பெரும்பாலும் வீட்டில் வளர்வதில்லை. காது கேளாத குழந்தைகளில் மிகப் பெரும்பாலோரின் பெற்றோருக்குக் காது கேட்கும். அதனால் மொழி பள்ளியில், அதிலும் விடுதியில், மூத்த பிள்ளைகளிடமிருந்து இளையவர்களுக்குப் போகிறது. அக்கா படித்த காலத்தில் வகுப்பில் சைகை செய்தால் கையில் அடி விழும், வாயைப் பார்த்துப் பேசக் கற்றுக்கொள் என்பார்கள். மொழி பிழைத்தது சாப்பாட்டுக்கூடத்திலும் இரவு விளக்கணைப்பதற்கு முன்னாலும்தான். அப்புறம் அந்தப் பிள்ளைகள் வளர்ந்து சங்கம், விளையாட்டுப் போட்டி, கல்யாணம் என்று ஊர் ஊராகப் போகிறார்கள். மொழியும் கூடவே போகிறது.

அமெரிக்காவையும் இங்கிலாந்தையும் பாருங்கள். இரண்டு இடத்திலும் ஆங்கிலம்தான். ஆனால் அமெரிக்க சைகை மொழி தெரிந்தவருக்கு பிரிட்டிஷ் சைகை மொழி புரியாது. 1817இல் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டில் தொடங்கிய காது கேளாதோர் பள்ளிக்குப் பிரான்சிலிருந்து லொரான் க்ளேர் என்ற காது கேளாத ஆசிரியர் வந்தார். அதனால் அமெரிக்க சைகைக்குப் பிரெஞ்சுச் சைகைதான் சொந்தம்.

இனி இலக்கணம். நம் சைகை மொழியில் வினை பெரும்பாலும் கடைசியில் வரும், தமிழ் மாதிரியே. இதைப் பார்த்துத்தான் பலர் "தமிழிலிருந்து வந்தது" என்று நினைக்கிறார்கள். ஆனால் கேள்வி கேட்கும்போது வேறுபாடு தெரிந்துவிடும். நாம் "நீ எங்கே வேலை செய்கிறாய்?" என்போம். அக்கா "நீ, வேலை, இடம், என்ன" என்பாள். கேள்விச் சைகை வினைக்கும் பின்னால், வாக்கியத்தின் கடைசியில் வரும். இடத்தோடு அதைச் சேர்த்தால் எங்கே, நேரத்தோடு சேர்த்தால் எப்போது. வேற்றுமை உருபு கிடையாது. "நான் உனக்குக் கொடுத்தேன்" என்பதில் கை என்னிடமிருந்து உன்னை நோக்கிப் போகும், "நீ எனக்குக் கொடுத்தாய்" என்றால் திரும்பி வரும். யார் யாருக்கு என்பதை அந்தத் திசையே சொல்லிவிடுகிறது.

இதனால்தான் சில ஆசிரியர்கள் தமிழ் வாக்கியத்தின் வரிசையில் சொல்லுக்கு ஒரு சைகையாக வைத்துப் பாடம் நடத்தும்போது பிள்ளைகள் விழிக்கிறார்கள். எழுதும் தமிழும் அவர்களுக்கு இரண்டாவது மொழி. எனக்கு, என்னை, என்னால் என்ற வித்தியாசத்தை நாம் காதால் வாங்கிக்கொண்டோம், அவர்கள் தாளிலிருந்து வாங்க வேண்டும். அக்கா வாட்ஸ்அப்பில் "நாளை நான் வருவது இல்லை, அம்மா உடம்பு சரி இல்லை" என்று எழுதினால் படிப்பறிவு இல்லை என்று முடிவு கட்டுபவர்களைப் பார்த்து எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிறது. இரண்டு மொழிகளில் வாழ்பவள் அவள்.

அதற்காகத் தமிழோடு உறவே இல்லை என்று சொல்லமாட்டேன். சைகை செய்யும்போது உதடு தமிழ்ச் சொல்லையோ ஆங்கிலச் சொல்லையோ அசைக்கும். விரலால் எழுத்துக்கூட்டுவது பெரும்பாலும் இரண்டு கைகளால், ஆங்கில எழுத்துகளில். சுற்றியிருக்கும் வாழ்க்கையும் சைகைக்குள் வரும்: பெண் என்பதற்கு மூக்குத்தி போடும் இடத்தைத் தொடுவார்கள், ஆண் என்பதற்கு மீசை.

ஊருக்கே சொந்தமான சைகை மொழிகளும் உண்டு. கர்நாடகத்தின் அலிப்பூரில் பரம்பரையாகக் காது கேளாதோர் அதிகம். அங்கே தனியாக ஒரு சைகை மொழி உருவானது. காது கேட்கும் பலரும் அதைப் பேசுவார்கள்.

கற்றுக்கொள்ள நினைத்துக் கேட்டிருந்தால், 2015இல் தில்லியில் தொடங்கப்பட்ட இந்திய சைகை மொழி ஆராய்ச்சி, பயிற்சி மையத்தின் காணொளி அகராதி இணையத்தில் இலவசம். 2021 பதிப்பில் 10,000 சொற்கள். ஆனால் அதை மட்டும் நம்பாமல் உங்கள் ஊர்க் காது கேளாதோர் சங்கத்துக்குப் போய்ப் பழகுங்கள். அகராதிச் சைகைக்கு அவர்கள் தலையசைத்து மறுத்தால், அவர்கள் காட்டுவதையே எடுத்துக்கொள்ளுங்கள்.