ஐம்பத்தேழரை (கடிதமும் பதிலும்)

அன்புள்ள ஐயா,

ஈரோட்டில் ஒரு பங்குத் தரகு அலுவலகத்தில் பேக் ஆபீஸ் (கணக்கு வழக்கு) வேலை பார்க்கிறேன். வயது 41. எஃப் அண்டு ஓ (ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ்) டீலராகப் போடுகிறேன் என்று முதலாளி சொன்னதால் அதற்கு வேண்டிய என்ஐஎஸ்எம் சீரிஸ் 8 தேர்வு எழுதினேன். 100 கேள்விக்கும் பதில் போட்டேன். வந்தது 57.5. வேண்டியது 60. ‘தெரியாததை விட்டிருந்தால் பாஸ், நெகட்டிவ் மார்க்கில் மாட்டிக்கொண்டாய்’ என்கிறார்கள். போன வருடம் சேர்ந்த தம்பி முதல் தடவையே தேறிவிட்டான். அவன் முகத்தைப் பார்க்கவே கூச்சமாக இருக்கிறது. டெலிகிராமில் கிடைத்த கேள்வி-பதில் பிடிஎஃப்பை மனப்பாடமே செய்திருந்தேன். அதையும் இணைத்திருக்கிறேன். பேசாமல் மியூச்சுவல் ஃபண்ட் தேர்வு எழுதிவிடலாமா? அதில் நெகட்டிவ் இல்லை, 50 எடுத்தால் போதும் என்கிறார்கள்.

க.

அன்புள்ள க.,

முதலில் கணக்கு. தவறான பதிலுக்குக் கால் மதிப்பெண் கழியும். நூறுக்கும் பதில் போட்டு 57.5 வந்திருக்கிறது என்றால் 66 சரி, 34 தவறு. தவறானதில் இரண்டு சரியாகியிருந்தால் 68 சரி, 32 தவறு. கழிவு 8 போக மீதி சரியாக 60. இரண்டே கேள்வி. இதற்குப் போய் அந்தத் தம்பியைக் கண்டு ஒளிய வேண்டுமா?

அலுவலகத்தில் சொல்கிறார்களே, விட்டிருந்தால் பாஸ் என்று, அது பாதி உண்மை. நீங்கள் பத்துக் கேள்வியை விட்டு, அந்தப் பத்தும் இப்போது தவறாகப் போட்டவையாகவே அமைந்திருந்தால்தான் 60 வந்திருக்கும். எது தவறு என்று முன்கூட்டியே தெரிந்தால் நாம் ஏன் தேர்வு எழுதப் போகிறோம்? நான்கு விடையில் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றைத் தொட்டால்கூடக் நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு. ஐந்தில் ஒன்று சரியானாலே கழிவு ஈடாகிவிடும். ஆகவே குருட்டுக் குத்து உங்களைக் கவிழ்க்கவில்லை. கவிழ்த்தது அரைகுறையாகத் தெரிந்தது. தெரியும் என்று நம்பித் தொட்ட இடத்தில்தான் பொறி இருக்கிறது.

ஒரு மாதிரி போட்டுக் காட்டுகிறேன். 60 லட்ச ரூபாய் போர்ட்ஃபோலியோ (கையிலுள்ள பங்குகள்), பீட்டா 1.5 (சந்தை 1% ஆடினால் இது 1.5% ஆடும்). ஒரு இண்டெக்ஸ் ஃபியூச்சர் (சந்தைக் குறியீட்டுக்கு இன்றே விலை பேசும்) ஒப்பந்தத்தின் மதிப்பு 15 லட்சம். சந்தை இறங்கினால் அடிபடாமல் முழுவதும் ஹெட்ஜ் செய்ய எத்தனை ஒப்பந்தம் விற்க வேண்டும்? அவசரக்காரர் 60-ஐ 15-ஆல் வகுத்து 4 என்பார். விடைகளில் 4 சமர்த்தாகக் காத்திருக்கும். பீட்டாவால் பெருக்கி 90 லட்சம் ஆக்கிவிட்டு வகுத்தால் 6. இன்னொன்று: 500 ஸ்ட்ரைக் புட் ஆப்ஷனை (பங்கை 500 ரூபாய்க்கு விற்கும் உரிமையை) 12 ரூபாய்க்கு வாங்கினீர்கள், எக்ஸ்பைரியில் (அது முடியும் நாளில்) பங்கு 490. ‘இன் த மணி’ (உரிமைக்கு மதிப்பு இருக்கிறது) என்றதும் கை 10 ரூபாய் லாபத்தைத் தேடும். பிரீமியமாகக் கொடுத்த 12 ரூபாயைக் கழித்தால் 2 ரூபாய் நஷ்டம்.

இனி உங்கள் பிடிஎஃப். பார்த்தேன், சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. என்எஸ்இயில் ஸ்டாக் ஆப்ஷன்கள் அமெரிக்க வகை (எக்ஸ்பைரிக்கு முன்பே உரிமையைப் பயன்படுத்தலாம்) என்கிறது அது. 2011 ஜனவரியிலேயே ஐரோப்பிய வகைக்கு (எக்ஸ்பைரி அன்றுதான் முடியும்) மாறியாயிற்று. ஸ்டாக் ஃபியூச்சர்ஸுக்கு ரொக்கத்தில் செட்டில்மெண்ட் என்கிறது. 2019 அக்டோபரிலிருந்து எல்லாப் பங்குகளுக்கும் டெலிவரிதான், பங்கே கைமாற வேண்டும். இதை நான் உங்களுக்குச் சொல்லவே கூடாது. எக்ஸ்பைரி வாரத்தில் டெலிவரி மார்ஜின் (முன்பணம்) கட்டச் சொல்லி வாடிக்கையாளர்களுக்குப் போன் போடுகிறவரே நீங்கள்தானே! தினமும் கையில் புழங்குகிற விஷயத்தை விட்டுவிட்டு யாரோ எழுதிய தாளை நம்பினால் எப்படி?

அதை அழித்துவிடுங்கள். என்ஐஎஸ்எம் தளத்திலேயே பாடப் புத்தகம் இலவசமாகக் கிடைக்கிறது. இப்போதைய பதிப்பை இறக்கி அச்செடுத்துக்கொள்ளுங்கள். தேர்வறையில் தடுமாறியது எந்த அத்தியாயம் என்பது நினைவில் இருக்கும்போதே குறித்துவைத்து, அங்கிருந்து ஆரம்பியுங்கள். செட்டில்மெண்ட், மார்ஜின் எல்லாம் உங்களுக்கு ஒரு வாசிப்பு போதும். மிச்ச நேரம் முழுக்க ஹெட்ஜிங்குக்கும் ஆப்ஷன் பே-ஆஃபுக்கும் (லாப நஷ்டக் கணக்கு). அதுவும் படித்தால் வராது, பேனா பிடித்துப் போட்டுப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு கணக்கிலும் தப்பு விடை எந்த வழியாக வருகிறது என்பதையும் பக்கத்திலேயே எழுதுங்கள். 120 நிமிடத்துக்கு 100 கேள்வி. கணக்குகளைக் குறியிட்டுக் கடைசிக்கு ஒதுக்கினால் பதற்றம் குறையும்.

மியூச்சுவல் ஃபண்ட் தேர்வு, அதாவது 5-ஏ, நீங்கள் சொன்னபடிதான்: 50 போதும், நெகட்டிவ் கிடையாது. ஆனால் அது விநியோகஸ்தர் வேலைக்கு. அதை வைத்துக்கொண்டு எஃப் அண்டு ஓ டெர்மினலில் உட்கார முடியாது. ஃபண்ட் விற்கும் எண்ணம் இருந்தால் பிறகு எழுதுங்கள். இப்போது கட்டணத்தை மறுபடி கட்டி சீரிஸ் 8-க்கே தேதி போடுங்கள். சான்றிதழ் மூன்று வருடத்துக்குச் செல்லும். அதற்குள் புதுப்பிக்க வேண்டும் என்பதையும் முதலாளியிடம் இப்போதே சொல்லிவையுங்கள், அடுத்த முறை கடைசி நேரத்தில் விரட்ட மாட்டார்.