உதைப்பா, தீப்பிழம்பா, சத்தமா: ரைஃபிள் முனையில் எதை மாட்டுவது?

கேள்வி: என்னுடையது .308 காலிபர் (குண்டின் விட்டம் 0.308 அங்குலம்) போல்ட் ரைஃபிள் (கையால் இழுத்துத் தோட்டா ஏற்றுவது). 20 அங்குலக் குழல், முனையில் மரை உண்டு. கூரை போட்ட சுடுதளத்தில் இலக்குப் பயிற்சி செய்கிறேன். இருட்டும் வேளையில் காட்டுப்பன்றி வேட்டைக்கும் போகிறேன். உதைப்பு, தீப்பிழம்பு, சத்தம் மூன்றையும் அடக்க எதை வாங்கலாம்?

பதில்: உங்கள் நாட்டுச் சட்டம் இடம் கொடுத்தால் சப்ரஸர் (குழல் முனையில் மாட்டும் ஒலி அடக்கி). மூன்றையும் ஓரளவுக்காவது குறைப்பது அது ஒன்றுதான். இடம் கொடுக்காவிட்டால், பலரும் சொல்லும் மசில் பிரேக்கை (வாயுவைத் திருப்பி உதைப்பைக் குறைக்கும் முனைக் கருவி) நீங்கள் வாங்க வேண்டாம். காரணம் உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது: கூரை.

பிரேக் உதைப்பைக் குறைப்பது, குண்டின் பின்னால் பீறிடும் வாயுவைப் பக்கவாட்டிலும் சற்றுப் பின்னோக்கியும் திருப்பிவிட்டு. அந்த வாயுவோடு வெடிச்சத்தமும் உங்கள் காதுக்கும் பக்கத்தில் சுடுபவர் முகத்துக்கும் திரும்புகிறது. கூரையும் தடுப்பும் இருந்தால் எதிரொலித்து இன்னொரு முறை அடிக்கும். வெறும் குழலிலேயே உச்சச் சத்தம் 160 டெசிபெலைத் தாண்டும். ஒரே வெடியில் செவிக்குக் கேடு வரும் எல்லையாகக் கொள்ளப்படுவது 140.

கிடைக்கும் பலனும் நினைப்பதைவிடக் குறைவு. குண்டு முன்னே போவதால் வரும் உதைப்பைப் பிரேக் தொடாது. வாயுவால் வரும் பங்கைத்தான் பிடிக்கும். .308-இல் 168 கிரெய்ன் (ஒரு கிரெய்ன் சுமார் 0.065 கிராம்) குண்டுக்கு வெடிமருந்து ஏறக்குறைய 44 கிரெய்ன், குண்டின் எடையில் கால் பங்கு. கூடுதல் மருந்து கொண்ட .300 வின்செஸ்டர் மேக்னம் தோட்டாவில் 180 கிரெய்ன் குண்டுக்கு மருந்து 70-க்கும் மேல். மேக்னம் வைத்திருப்பவர் பிரேக்கைப் புகழ்ந்தால் அவருக்கு அது நியாயம். உங்களுக்கு நல்ல ரப்பர் ரீகாயில் பேடும் (தோளில் படும் மெத்தை), ரைஃபிளில் அரை கிலோ கூடுதல் எடையும் சத்தமில்லாமல் பாதி வேலையை முடித்துவிடும்.

தீப்பிழம்பு வேறு கதை. எரிந்து தீராத சூடான வாயு வெளிக்காற்றோடு கலந்து மறுபடி பற்றிக்கொள்வதுதான் அந்தப் பெரிய வெளிச்சம். நீண்ட பிளவுகள் கொண்ட ஃபிளாஷ் ஹைடர் (தீப்பிழம்பு மறைப்பான்) அந்தக் கலவையைக் கலைக்கிறது. உதைப்பை அது பெரிதாகக் குறைக்காது; பயன் அந்தி வேளையில், ஸ்கோப்பில் பார்க்கும் கண் கூசி இரண்டாவது குண்டு தவறாமல் இருப்பதில். சப்ரஸர் கிடைக்காதபோது உங்களுக்கு ஏற்றது இதுவே. தீப்பிழம்பு குறைவான மருந்துள்ள தோட்டாவும் சேர்ந்தால் போதும்.

சப்ரஸர் சத்தத்தை 20 முதல் 30 டெசிபெல் வரை குறைக்கும். அப்படியும் 140-ஐ ஒட்டியே நிற்கும் என்பதால் இயர் மஃப்பைக் கழற்றாதீர்கள். ஒலியைவிட வேகமாகப் பறக்கும் குண்டின் சடாரென்ற ஒலியை எந்தக் கருவியும் தடுக்காது.

இனி மாட்டும்போது தவறும் இடங்கள். .308 குழல்களில் பரவலாக உள்ள மரை 5/8 அங்குல விட்டம், அங்குலத்துக்கு 24 சுற்று. 6.5 கிரீட்மோர் என்னும் சிறிய காலிபர் ரைஃபிள்களிலும் பெரும்பாலும் இதே மரைதான்! அந்தக் காலிபருக்கான கருவி உங்கள் குழலில் அழகாக ஏறிவிடும், ஆனால் 6.7 மி.மீ. குண்டுக்கு வெட்டிய துளையில் உங்கள் 7.8 மி.மீ. குண்டு மோதும். கருவியில் பொறித்த காலிபரைப் படிக்காமல் மாட்டாதீர்கள்.

ரைஃபிளைக் காலி செய்து போல்ட்டைக் கழற்றுங்கள். வைஸில் (இறுக்கிப் பிடிக்கும் பட்டறைக் கருவி) பிடிக்க வேண்டியது குழலை. ரிசீவரை (குழல் பொருந்தியிருக்கும் உடல்பகுதி) பிடித்து முறுக்கினால் குழலின் பிணைப்பே தளரலாம். ஃபிளாஷ் ஹைடரோடு வரும் நசுங்கும் வாஷரின் குவிந்த பக்கம் கருவியை நோக்கி இருக்கட்டும். கையால் இறுக்கியபின் ஸ்பானரால் கால் சுற்று முதல் ஒரு சுற்றுக்குள் நிற்க வேண்டும்.

சப்ரஸருக்கு அந்த வாஷர் கூடவே கூடாது. அது சீராக நசுங்காது. சப்ரஸர் இம்மியளவு சாய்ந்தாலும் குண்டு உள்தடுப்புகளில் உரசும். குழலின் தோள்பட்டையில் (மரை முடியும் விளிம்பு) நேராக உட்கார வைத்து, முதல் குண்டுக்கு முன் நேர்க்கோட்டுக் கம்பியைக் குழலுக்குள் விட்டு, அது துளையின் நடுவில் வருகிறதா என்று பாருங்கள். சூடேறினால் மரை தளரும். பத்துப் பதினைந்து குண்டுக்கு ஒருமுறை, கையுறையோடு, இறுக்கிப் பாருங்கள்.

எதை மாட்டினாலும் குண்டு விழும் இடம் நகரும். மாட்டியபடியே ஸ்கோப்பை மறுபடி ஜீரோ செய்யுங்கள் (குறி வைத்த இடத்திலேயே குண்டு விழும்படி சரிசெய்யுங்கள்). கழற்றிச் சுடும் நாளுக்கான அளவைத் தனியாகக் குறித்து வையுங்கள்.