"எங்கள் ரிசல்ட் கெட்டுவிடும், வேறு பள்ளி பாருங்கள்" என்கிறார்கள். என்ன செய்வது?

கேள்வி: என் மகன் தேவகோட்டையில் ஒரு மெட்ரிக் பள்ளியில் எட்டாம் வகுப்புப் படிக்கிறான். அரையாண்டில் கணக்கில் 28, அறிவியலில் 31. கேட்டால் வாயால் எல்லாம் சொல்கிறான், எழுதச் சொன்னால் பாதி வரியில் நின்றுவிடுகிறான். வாசிக்கும்போது எழுத்து முன்னே பின்னே மாறுகிறது. ஆனால் வீட்டில் தண்ணீர் மோட்டார் ஓடாவிட்டால் அவன்தான் கழற்றிப் பார்க்கிறான். ஒன்பதாம் வகுப்புக்கு வேறு பள்ளி பார்க்கச் சொல்லிவிட்டார்கள். கணவர் மலேசியாவில் இருக்கிறார். தூரத்து அம்மான் ஒருவர், வெளியூரில் விடுதியோடு நல்ல பள்ளி இருப்பதாகவும் இடம் பிடித்துவைக்க 40,000 ரூபாய் முன்பணம் வேண்டும் என்றும் சொல்கிறார். சுமாராகப் படிக்கும் பையனை அனுசரித்துப் போகும் தனியார் பள்ளி காரைக்குடிப் பக்கம் எது?

பதில்: ஆச்சி, அந்த 40,000 ரூபாயைக் கொடுத்துவிடவில்லையே? கொடுக்காதீர்கள். மற்றதைப் பிறகு பேசலாம்.

உங்கள் அம்மான் நல்லவராகவே இருக்கலாம். அவருக்குப் பின்னால் ஒருவர் இருப்பார். விசிட்டிங் கார்டில் 'கல்வி ஆலோசகர்' என்று போட்டிருக்கும். தலைக்கு இவ்வளவு என்று பள்ளியிடம் வாங்கிக்கொண்டு உங்களிடமும் வாங்குவார். பங்குனி தொடங்கி வைகாசி வரை நம் ஊர்களில் இது பிள்ளை பிடிக்கும் சீசன். பள்ளிக்கூட வாத்தியார்களையே நோட்டீசைக் கையில் கொடுத்து, ஆளுக்கு இத்தனை அட்மிஷன் என்று கணக்குச் சொல்லி, வெயிலில் தெருத் தெருவாக அனுப்புகிறார்கள். பாவம், அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. ஆனால் ஒன்றை யோசியுங்கள். இடம் கிடைக்காத அளவுக்கு நல்ல பள்ளி என்றால் அதற்குத் தரகர் எதற்கு? தரகருக்கு வாய்ப்பான சரக்கு உங்கள் பையன் மாதிரிப் பிள்ளைதான். மார்க் குறைவு, தாய் பயந்துபோயிருக்கிறார், தகப்பன் கடல் கடந்து இருக்கிறார். இதைவிட என்ன வேண்டும்?

தனியார் பள்ளி எவ்வளவு வாங்கலாம் என்பதற்கு 2009-ல் இருந்து தமிழ்நாட்டில் கட்டண ஒழுங்குமுறைச் சட்டம் இருக்கிறது. ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையிலான குழு பள்ளிவாரியாகக் கட்டணம் நிர்ணயிக்கிறது. பணம் கொடுத்தால் பள்ளியின் பெயரில், பள்ளியின் கவுண்டரில், ரசீதோடு கொடுங்கள். அம்மான் கையில், அம்மானுக்குத் தெரிந்தவர் ஜிபேயில் வேண்டாம்.

இனி உங்கள் கேள்வி. எந்தப் பள்ளி என்று நான் பெயர் சொல்ல மாட்டேன். சொன்னால் அடுத்த வாரமே அந்தப் பள்ளி என் பெயரை ஃபிளெக்ஸில் போட்டுவிடும். எப்படிக் கண்டுபிடிப்பது என்று சொல்கிறேன்.

உங்கள் பள்ளி ஏன் எட்டு முடிந்ததும் போகச் சொல்கிறது? பையன் ஆறாம் வகுப்பில் மட்டும் மேதையாக இருந்தானா? கல்வி உரிமைச் சட்டத்தின் 16-ஆவது பிரிவு, தொடக்கக் கல்வி, அதாவது எட்டாம் வகுப்பு, முடியும்வரை எந்தப் பிள்ளையையும் பள்ளியைவிட்டு நீக்கக் கூடாது என்கிறது. எட்டைத் தாண்டினால் அந்தக் குடை இல்லை. ஒன்பதில் சுமாரான பிள்ளைகளைக் கழித்துவிட்டால் பத்தில் மிஞ்சுகிறவர்கள் எல்லாரும் பாஸ். வாசலில் 'தொடர்ந்து பல ஆண்டுகளாக நூறு சதவீதத் தேர்ச்சி' என்று போர்டு. அந்த நூறில் வெளியே அனுப்பிய பிள்ளைகள் கணக்கில் வர மாட்டார்கள்.

எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? நானும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். ஒரு தனியார் பள்ளியில் தலைமையாசிரியராக இருந்தபோது, ஒரு மே மாதம் நிர்வாகி என் மேசையில் ஏழு டி.சி.யை வைத்தார். ஏழுமே ஒன்பதாம் வகுப்பு. ஒவ்வொன்றோடும் பெற்றோர் கைப்பட எழுதிய கடிதம் ஒன்று, 'சொந்தக் காரணங்களை முன்னிட்டு' என்று. ஏழு கடிதத்திலும் அதே வாசகம், 'முன்னிட்டு' என்ற சொல்லில் அதே ஒற்றுப்பிழை. ஆபீசில் யாரோ எழுதிக் கொடுத்ததைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். போட்டேன். அடுத்த வருடம் எங்கள் பள்ளி நூறு சதவீதம். அதற்கு எனக்கு மேடையில் பொன்னாடை போர்த்தினார்கள்.

ஆகவே அந்தக் கடிதத்தை எழுதிக் கொடுக்காதீர்கள். நீங்கள் கேட்காத டி.சி.யை நீங்கள் கேட்டதாக ஆக்கும் காகிதம் அது. உங்களுக்கு வேறு பள்ளி பிடித்து, நீங்களாக டி.சி. கேட்கும்போது, கட்டண பாக்கி என்று இழுத்தடித்தால் அதற்கும் வழி இருக்கிறது. டி.சி.யை வசூல் கருவியாக வைத்துக்கொள்ளக் கூடாது, அதில் பாக்கி விவரம் எழுதக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜூலையில் சொல்லியிருக்கிறது.

புதிதாகப் பார்க்கும் பள்ளியில் ஒரே ஒரு கேள்வியை முதலில் கேளுங்கள்: "இப்போது பத்தாம் வகுப்பில் இருப்பவர்களில் எத்தனை பேர் இங்கேயே எட்டு படித்தவர்கள்?" எட்டில் மூன்று செக்ஷன், பத்தில் இரண்டு செக்ஷன் என்றால் ஒரு செக்ஷன் பிள்ளைகள் எங்கே போனார்கள் என்று சிரித்தபடியே கேளுங்கள். பதில் சொல்லாமல் சிலபஸ், ஸ்மார்ட் போர்டு, நீச்சல் குளம் என்று பேச்சை மாற்றினால், காபி கொடுத்தால் குடித்துவிட்டு வந்துவிடுங்கள்.

நியாயமாகப் பார்த்தால் இந்தக் கணக்கை நீங்கள் அலைந்து விசாரிக்க வேண்டி வந்திருக்கவே கூடாது. ஒவ்வொரு பிள்ளைக்கும் எமிஸ் எண், அதாவது கல்வித் துறையின் கணினிப் பதிவில் ஓர் அடையாள எண், இருக்கிறது. எந்தப் பள்ளியில் ஒன்பதில் எத்தனை பேர் கழன்றார்கள் என்று ஒரு பட்டனைத் தட்டினால் அரசாங்கத்துக்குத் தெரியும். தட்டுவதற்குத்தான் ஆளில்லை. 2017-ல் மாநில ரேங்க் அறிவிப்பை நிறுத்தினார்கள், நல்ல காரியம். ரேங்க் போனது, ஃபிளெக்ஸ் போகவில்லை. தனியார் பள்ளிகளுக்கென்றே மாவட்டக் கல்வி அலுவலர் இருக்கிறார். வருகிறார், தீயணைப்புச் சான்று, கட்டடச் சான்று, பேருந்துச் சான்று எல்லாம் பார்க்கிறார். பிள்ளை எங்கே போனான் என்பதற்குச் சான்று கேட்டு நான் பார்த்ததில்லை.

விடுதிப் பள்ளி வேண்டவே வேண்டாம். விடியுமுன் எழுப்பி, ஒன்பதாம் வகுப்பிலேயே பத்தாம் வகுப்புப் பாடத்தை உருப்போட வைக்கும் இடங்கள் அவை. பதினொன்றாம் வகுப்புப் பாடத்தை நடத்தாமலே பன்னிரண்டுக்குத் தாவினார்கள் என்பதால்தான் 2017-18-ல் பதினொன்றுக்கும் பொதுத்தேர்வு வைக்க வேண்டி வந்தது. எழுதுவதற்கே திணறும் பையனை அங்கே கொண்டுபோய்விட்டால் தீபாவளிக்கு வரும்போது அவன் மோட்டாரைக்கூடத் தொட மாட்டான்.

தனியார் பள்ளி என்றதும் எல்லாரும் மெட்ரிக்கையும் சிபிஎஸ்இயையும்தான் நினைக்கிறார்கள். நம் செட்டிநாட்டில் நூறு வருடமாகத் தனியார்தான் பள்ளி நடத்துகிறார்கள், ஆச்சி. கொண்டுவிற்க, அதாவது கடல் கடந்து வணிகம் செய்ய, போனவர்கள் அங்கே சம்பாதித்ததில் இங்கே கட்டிய பள்ளிகள், மிஷன் பள்ளிகள். இன்று அவற்றில் பல அரசு உதவி பெறுபவை. நிர்வாகம் தனியார், ஆசிரியர் சம்பளம் அரசாங்கம். உங்களுக்கு இது ஏன் முக்கியம் என்றால், அந்த ஆசிரியர் நடுவில் ஓட மாட்டார். மெட்ரிக் பள்ளியில் சம்பளம் கட்டுப்படியாகாமல் ஜூனில் வந்த கணக்கு டீச்சர் அக்டோபரில் போய்விடுவார். சுமாரான பிள்ளைக்கு அதுதான் சாவு. நன்றாகப் படிக்கிறவன் எந்த டீச்சர் வந்தாலும் படித்துக்கொள்வான். சுமாரானவனுக்கு அவனை அறிந்த ஒருவர் இரண்டு வருடம் கூடவே இருக்க வேண்டும். "வகுப்பாசிரியர் இந்தப் பள்ளிக்கு வந்து எத்தனை வருடம்?" என்று கேளுங்கள். இரண்டாவது கேள்வி அது.

உதவி பெறும் பள்ளிகளில் மேல்நிலையில் தொழிற்கல்விப் பிரிவு இருக்க வாய்ப்பும் கூடுதல். மோட்டாரைக் கழற்றுகிற பையனுக்கு அது பொருந்தும். மெட்ரிக் பள்ளிகளில் அந்தப் பிரிவைத் தேடிக் கண்டுபிடிப்பது கஷ்டம்.

"அங்கே கண்ட பிள்ளைகளும் படிக்கிறார்களே" என்று வீட்டில் யாராவது சொல்வார்கள். நான் அந்தக் கண்ட பிள்ளைகளில் ஒருவன்தான்.

பள்ளியைப் பார்க்க, பெற்றோரை அழைத்துச் சுற்றிக் காட்டும் சனிக்கிழமை 'ஓப்பன் டே'யில் போகாதீர்கள். சாதாரண நாளில், மணி அடிப்பதற்குக் கொஞ்சம் முன்னால் கேட்டில் நில்லுங்கள். மைதானத்தைப் பாருங்கள். நம் மண் செம்மண், நாலு பிள்ளை ஓடினால் வெள்ளை ஷூ சிவந்துவிடும். மாலையில் வெளியே வரும் பிள்ளைகளின் ஷூ காலையில் போட்டபடி வெள்ளையாக இருந்தால் பி.டி. பீரியடைக் கணக்கு வாத்தியார் எடுத்துக்கொண்டார் என்று பொருள். மைதானத்தில் நெருஞ்சி முளைத்திருந்தால் அந்தப் பக்கமே போக வேண்டாம். உள்ளே விட்டால் ஒரு நோட்டைக் கேளுங்கள், முதல் மார்க் வாங்குகிறவனுடையதை வேண்டாம், கடைசி பெஞ்சுக்காரன் நோட்டு. வரி வரியாகத் திருத்தியிருக்கிறார்களா, அடியில் 'இன்கம்ப்ளீட்' என்று சிவப்பு மையில் கிழித்துவிட்டிருக்கிறார்களா?

சிபிஎஸ்இ பற்றி இரண்டு வரி. 'சிபிஎஸ்இ பாடமுறை' என்று போர்டில் இருந்தால் அது அங்கீகாரம் ஆகாது. இணைப்பு எண்ணைக் கேட்டு வாரியத்தின் இணையதளத்தில் சரிபாருங்கள். சில இடங்களில் பிள்ளையை இங்கே உட்காரவைத்து வேறு பள்ளியின் பெயரில் தேர்வு எழுத வைக்கிறார்கள். உண்மையிலேயே இணைப்பு உள்ள பள்ளி என்றால் பத்தாம் வகுப்பில் கணக்கை 'பேசிக்' என்ற எளிய நிலையில் எழுத வசதி உண்டு. ஆனால் எட்டுக்குப் பிறகு வாரியம் மாற்றுவது உங்கள் பையனுக்குத் தேவையற்ற அலைச்சல்.

இப்போது, நீங்கள் போகிற போக்கில் எழுதிவிட்ட வரிக்கு வருகிறேன். வாயால் சொல்கிறான், எழுத்தில் நிற்கிறான், வாசிக்கும்போது எழுத்து மாறுகிறது. இது சோம்பேறித்தனமாக இருக்க வேண்டியதில்லை. டிஸ்லெக்ஸியா என்கிற கற்றல் குறைபாடாக இருக்கலாம். இருக்கலாம் என்றுதான் சொல்கிறேன், நான் டாக்டர் இல்லை. முதலில் கண்ணையும் காதையும் சோதியுங்கள். பிறகு மனநலப் பிரிவு உள்ள அரசு மருத்துவமனைக்கு, உங்களுக்குச் சிவகங்கை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, பையனைக் கூட்டிப்போங்கள். கற்றல் குறைபாடு 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட ஒன்று. அரசு மருத்துவர் சான்று கிடைத்தால் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் சலுகை உண்டு: கூடுதலாக ஒரு மணி நேரம், அவன் சொல்லச் சொல்ல எழுத ஓர் ஆள், ஒரு மொழிப்பாடத்திலிருந்து விலக்கு.

உங்கள் பையனுக்கு வாயில் இருக்கிற பதில் தாளுக்கு வரவில்லை. எழுத ஓர் ஆளும் ஒரு மணி நேரமும் கிடைத்தால் 28 எங்கே போகும் என்று பாருங்கள். பத்தாம் வகுப்பில் பாடத்துக்கு 35 போதும், அறிவியலில் 25 மதிப்பெண் செய்முறை, அதில் இவன் கை சும்மா இருக்காது. மொழி விலக்கை மட்டும் அவசரப்பட்டு வாங்காதீர்கள். பின்னால் தமிழ்த்தாள் கேட்கும் வேலைகள் இருக்கின்றன. நேரமும் ஆளும் முதலில் கேளுங்கள். விண்ணப்பம் பள்ளி வழியாகத்தான் அரசுத் தேர்வுகள் இயக்ககத்துக்குப் போக வேண்டும், அதனால் பத்தாம் வகுப்பு டிசம்பரில் ஓடாதீர்கள், ஒன்பதிலேயே சான்றை வாங்கிவிடுங்கள். சேர்க்கும் பள்ளியில் மூன்றாவது கேள்வி இது: "இந்தச் சலுகைக்கு நீங்கள் இதுவரை எந்தப் பிள்ளைக்காவது விண்ணப்பித்திருக்கிறீர்களா?" எத்தனையோ தலைமையாசிரியர்களுக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. தெரிந்தவர்களில் பாதிப் பேர், ஃபார்ம் நிரப்பச் சோம்பி, "அதெல்லாம் கிடைக்காது" என்று அனுப்பிவிடுவார்கள்.

அப்பத்தா ஒத்துக்கொள்ள மாட்டார்கள் என்பதும் தெரியும். "பிள்ளைக்கு இல்லாத நோயைக் கட்டிவிட்டு நாளைக்குப் பொண்ணு பேசும்போது என்ன சொல்றது?" என்பார்கள். இது நோயும் இல்லை, யாருக்கும் காட்ட வேண்டிய காகிதமும் இல்லை. தேர்வு முடிந்ததும் பீரோவில் வைத்துவிடலாம்.

பத்துக்குப் பிறகு வழி இருக்கிறது. மேல்நிலையில் தொழிற்கல்வி, மூன்று வருட பாலிடெக்னிக், ஐ.டி.ஐ. காரைக்குடியைச் சுற்றியே எல்லாம் இருக்கிறது, அதை அப்போது பேசிக்கொள்ளலாம்.

பையனின் அரையாண்டு விடைத்தாள்கள் ஐந்தையும் பள்ளியிலிருந்து வாங்கி வையுங்கள், தராவிட்டால் ஃபோனில் படமாவது எடுத்துவிடுங்கள். பழைய நோட்டுகளையும் கட்டாக எடுத்துக்கொள்ளுங்கள். சிவகங்கையில் டாக்டர் அதைத்தான் முதலில் கேட்பார்.