முறை மாற்றி ஆடும் வியூக விளையாட்டில் யார் எவ்வளவு முன்னேறியிருக்கிறார்கள் என்பதை எப்படிக் காட்டலாம்?

கேட்டவர் நாலைந்து பேர் ஆடும் ஒரு விளையாட்டைச் செய்துகொண்டிருக்கிறார். ஒவ்வொருவரின் நிலையையும் ஒப்பிட்டுத் திரையில் காட்ட வேண்டுமாம். நானும் இதில் கையைச் சுட்டுக்கொண்டவன்தான். என்னைக் கேட்டால், ஆட்டம் நடக்கும்போது பெயர் போட்டுக் காட்டாதீர்கள்.

எனக்குக் கிளிநொச்சி. அக்காவின் பிள்ளைகளுக்காக ஒரு சின்ன விளையாட்டு எழுதினேன். நாலு பேர், நாலு குளம்: இரணைமடு, அக்கராயன், வவுனிக்குளம், முத்தையன்கட்டு. ஒரு சுற்று என்றால் ஒரு போகம். குளத்துத் தண்ணீர், விதைத்த ஏக்கர், கையிருப்பு நெல் மூட்டை, இவ்வளவும்தான் கணக்கு. ஒரே போனைக் கைமாற்றி ஆடுவார்கள். திரையின் மேலே நாலு நிறத்தில் நாலு பட்டை வைத்து, யாருக்கு எத்தனை புள்ளி என்று காட்டினேன். பார்க்க வடிவாகத்தான் இருந்தது. ஆறாம் சுற்றில் பெரியவன் முன்னுக்கு வந்தான். உடனே மற்றவர்கள் கூட்டுச் சேர்ந்து அவனுடைய வாய்க்காலை மறித்தார்கள். கடைசியில் நின்ற சின்னவள் போனை என் மடியில் போட்டாள். "மாமா, நான் கடைசி எண்டு மேலயே எழுதிக் கிடக்கு. பிறகென்னத்துக்கு விளையாடுறது?" எழும்பிப் போய்விட்டாள்.

முன்னூற்றி நாலு என்ற சீட்டாட்டம் விளையாடுகிறவர்களுக்கு இது தெரிந்த சங்கதி. சீட்டுக்கட்டிலுள்ள மொத்தப் புள்ளி 304 என்று எல்லாருக்கும் தெரியும். ஆனால் துரும்புச் சீட்டு கவிழ்ந்துதான் கிடக்கும். அது எதுவென்று மண்டையைப் போட்டு உடைப்பதில்தானே சுவையே.

சிவிலைசேஷன் என்ற கணினி விளையாட்டின் நாலாம் பதிப்பு (2005) இதை நன்றாகச் செய்திருக்கிறது. விளைச்சல், உற்பத்தி, நிலம், படை, மக்கள்தொகை என்று ஒவ்வொன்றிலும் உங்கள் அளவு, போட்டியாளர்களில் கூடியது, சராசரி, குறைந்தது, நீங்கள் எத்தனையாம் இடம் என்று காட்டும். பெயர் இராது. 2007இல் வந்த அதன் விரிவாக்கத்தில், ஒருவரின் வரைபைப் பார்க்க வேண்டுமென்றால் அவர் மேல் போதிய அளவு உளவுக்குச் செலவழித்திருக்க வேண்டும். தகவலுக்கும் ஒரு விலை!

நான் அந்தப் பட்டியலை அப்படியே எடுத்தேன். எடுத்த பிறகுதான் இரண்டு பிழை தெரிந்தது. முதலாவது, சுற்று முடியுமுன் ஒப்பிட்டது. இரணைமடுக்காரன் அறுவடை முடித்துவிட்டான், முத்தையன்கட்டுக்காரி இன்னும் அறுக்கவில்லை. அந்த நேரத்தில் பார்த்தால் யார் முன்னுக்கு? முதலில் ஆடினவன். அதனால் எல்லாரும் ஆடி முடித்த பிறகு மட்டுமே கணக்கை எடுத்துப் பட்டியலை மாற்றுங்கள். இரண்டாவது, ஆட்கள் குறைவு. போட்டியாளர் மூன்று பேர் என்றால், சராசரியை மூன்றால் பெருக்கிக் கூடியதையும் குறைந்ததையும் கழித்தால் நடுவில் நிற்பவரின் எண் அப்படியே வந்துவிடும். பெரியவன் கணக்கில் கெட்டிக்காரன், இரண்டாம் நாளே பிடித்துவிட்டான். இப்போது மூட்டைகளை ஐம்பதுக்கு அண்ணளவாக்கித்தான் காட்டுகிறேன். இரண்டே பேர் ஆடினால் சராசரியே எதிராளியின் எண்தான், அப்போது பட்டியலே வேண்டாம்.

ஆட்டம் முடிந்ததும் முழு வரைபையும் பெயரோடு காட்டிவிடுங்கள். அதற்கு முதல் சுற்றிலிருந்தே ஒவ்வொருவரின் எண்ணையும் சேமித்து வர வேண்டும், பிறகு யோசித்தால் பழைய எண்களுக்கு எங்கே போவது? மூட்டை எண்ணிக்கையை நேரடியாக வரையாதீர்கள். தொடக்கத்தில் 20, முடிவில் 2000 என்றால் முதல் பாதி முழுக்கத் தரையோடு ஒட்டிக் கிடக்கும். நாலு பேரின் மொத்தத்தில் ஒவ்வொருவருக்கும் எத்தனை வீதம் என்று வரைந்தால் தொடக்கத்து ஏற்ற இறக்கமும் தெரியும். அப்புறம், பெயரைக் கோட்டின் நுனியிலேயே எழுதுங்கள். முற்றத்து வெயிலில் போன் திரையில் பச்சையும் நீலமும் ஒன்றுதான்.

போன ஞாயிறு ஆடி முடித்து வரைபைத் திறந்தபோது, ஏழாம் போகத்திலேயே சின்னவளின் கோடு பெரியவனின் கோட்டை வெட்டிக்கொண்டு மேலே போயிருந்தது. அவனோ முன்னுக்கு நிற்பது அக்கராயன்தான் என்று நம்பி, மூன்று போகமாக அந்த வாய்க்காலைத்தான் மறித்துக்கொண்டிருந்தான். கனநேரம் திரையையே பார்த்தான். "அப்ப நீயே?"

அவள் அதற்குள் அடுத்த ஆட்டத்துக்குக் குளம் தெரிவுசெய்துகொண்டிருந்தாள்.